ஒரே ரன்வே, கன பிளேன்: ஆர முதல் விடுற எண்டு முடிவெடுக்க நாலு வழி

கட்டுநாயக்கா எயார்போட்டில இரிக்கிறது ஒரே ஒரு ரன்வே. 3,350 மீற்றர் நீளம், எழும்புறதும் அதில, இறங்குறதும் அதில. 2017 ஜனவரியில இருந்து ஏப்ரல் தொடக்கம் மட்டும் அத திருத்துறதுக்காக ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு மூடிப்போட்டு பின்னேரம் 4.30க்குத்தான் திறந்தவங்க, அப்ப பகல்ல வந்து போற பிளைட் எல்லாத்தையும் மிச்சம் இரிக்கிற 16 மணித்தியாலத்துக்குள்ள அடைய வேண்டி வந்திச்சு. கன பிளேன் சேந்து ஒரு சின்ன இடத்தப் பங்குபோடுற பிரச்சினை எண்டா என்னண்டு ஆருக்கும் விளங்கப்படுத்தணுமெண்டா நான் அந்த மூணு மாசத்தத்தான் சொல்லுவன்.

நாங்க மட்டக்களப்பில கொஞ்சப்பேர் சேந்து இலங்கை வான்பரப்ப வச்சு ஒரு சிமுலேட்டர் எழுதுறம். வந்தாறுமூலை கம்பஸ்ல படிக்கிற தம்பிமார் ரெண்டு பேர், ஒலுவில்ல படிச்ச ஒரு தங்கச்சி, நான். கட்டுநாயக்கா, மத்தள, இரத்மலான, பலாலி, நம்மட புதூர் எயார்போட் எல்லாம் உள்ளுக்கு இரிக்கு, வெளியால சென்னை, மாலைதீவு, டுபாய்ப் பக்கத்தில இருந்து வாறதும், இஞ்ச இறங்காம மேலால தாண்டிப் போறதும் இரிக்கு. மெப் எல்லாம் கீறி முடிச்சாப் பிறகு வந்த சண்டை ஒண்டுதான்: எந்த பிளேன் எந்தப் பாதையால, எந்த உயரத்தில, எத்தின மணிக்குப் போகணும் எண்டு தீர்மானிக்கிற மூளையா எதப் போடுற? ஆளுக்கு ஒரு கட்சி. நாலு வழியயும் போட்டுப் பாத்து இப்ப ஒரு முடிவுக்கு வந்திரிக்கம், இதே சந்தியில நிக்கிற ஆக்களுக்கு உதவுமெண்டு எழுதுறன்.

முதல்ல எதுக்குத் தட்டுப்பாடு எண்டு சொல்லிரணும், ஏனெண்டா கனபேர் ரன்வேய மட்டும்தான் நினைக்கிற. வானத்தில இடமில்லையா எண்டு கேட்டா, இடம் கிடக்கு, ஆனா ரேடார்ல பாத்து விடுற இடங்கள்ல போற வழியில ரெண்டு பிளேனுக்கு நடுவில சாதாரணமா 5 கடல் மைல் விடணும், இல்லாட்டி உயரத்தில 1,000 அடி விடணும். 29,000 அடியில இருந்து 41,000 அடி வரைக்கும் முந்தி 2,000 அடி விட்டவங்க, உயரமானி திறமானதா வந்தாப் பிறகுதான் அத 1,000 ஆக்கினது, அதால ஒரே பாதையில ஆறு தட்டு புதுசாக் கிடைச்சிச்சு. கடலுக்கு மேல ரேடார் எட்டாத இடத்தில இந்த இடைவெளி இன்னும் கூட. கொழும்புக்குப் பொறுப்பான வான்பரப்பில பெரும்பகுதி கடல்தான் எண்டத மறக்கப்படாது. மறுகா கொன்ட்ரோலர். ஒரு ஆள் ஒரே நேரத்தில தலைக்குள்ள வச்சிருக்கக்கூடிய பிளேனுக்கு ஒரு அளவு இரிக்கு, அதுதான் ஒரு செக்டருக்கு, அதாவது ஒரு கொன்ட்ரோலர் பாக்கிற வான் துண்டுக்கு, இத்தினதான் எண்டு போடுற கணக்கு. கீழ இறங்கினா நிப்பாட்டுற இடம், பஸ், ஏணி. ஒண்டில இடைஞ்சல் வந்தா மற்றதுக்குத் தாவும், ஏனெண்டா டுபாயில இருந்து பிந்தி வாற அதே பிளேன்தான் ஒரு மணித்தியாலத்தில சென்னைக்குப் போகோணும்.

சரி, முதலாவது வழி வரிசை. முதல்ல ஆர் வாறானோ அவனுக்கு முதல்ல. ஒவ்வொரு பிளேனா எடுத்து, ஏற்கனவே போட்டவங்கட பாதைய அசைக்காம, மிச்சம் இரிக்கிற இடத்தில இவனுக்கு ஆகத் திறமான பாதையக் குடுத்துட்டு அடுத்தவனுக்குப் போறது. எழுத லேசு, ஒரு பின்னேரத்தில எழுதலாம், ஆயிரம் பிளேனெண்டாலும் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள முடியும். இத சின்னப்பிள்ளை விளையாட்டெண்டு நினைக்கப்படாது, ஐரோப்பா முழுக்க யூரோகொன்ட்ரோல் எண்ட வான்போக்குவரத்து அமைப்பு ஓடவிடுறதும் அடிப்படையில இந்த யோசனைதான்: நெருக்கடியான செக்டருக்குள்ள ஆர் முதல்ல நுழையிறதா பிளான் குடுத்தானோ அவனுக்கு முதல் இடம், இடமில்லாட்டி கணக்குப் பாத்து ஒரு எழும்புற நேரம் குடுப்பாங்க, அந்த நேரத்துக்கு 5 நிமிசம் முந்தியில இருந்து 10 நிமிசம் பிந்தி வரைக்கும்தான் எழும்பலாம். ஏன் எனக்குச் சுணக்கம் எண்டு பைலட் கேட்டா ஒரு வசனத்தில பதில் சொல்லலாம், உனக்கு முன்னுக்கு இத்தினபேர் நிக்காங்க எண்டு. அந்தப் பதிலுக்கு இரிக்கிற பெறுமதி போகப்போகத்தான் விளங்கும்.

ஆனா வரிசை எங்க தோக்குது எண்டத ஒரு கணக்குப் போட்டே காட்டுறன், பேப்பர் எடுத்துச் செய்து பாருங்க. பெரிய பிளேனுக்குப் பின்னால சுழல் காத்து வரும், அதுக்குள்ள சின்னது போனா கவிண்டிரும், அதால இறங்க வரக்குள்ள சர்வதேச விதிப்படி இவ்வளவு இடைவெளி எண்டு இரிக்கு. ஏ330 மாதிரி கனமானதுக்குப் பின்னால இன்னொரு கனமானது எண்டா 4 கடல் மைல், ஏ320 மாதிரி நடுத்தரம் எண்டா 5, செஸ்னா கரவான் மாதிரி பாரம் குறைஞ்சது எண்டா 6. நடுத்தரத்துக்குப் பின்னால கரவான் எண்டா 5. மற்றதுகளுக்கு சுழல் காத்துக்கெண்டு தனியா இல்ல, எயார்போட்டுக்குக் கிட்ட ரேடார் இடைவெளி 3 காணும்.

இப்ப அஞ்சு பிளேன் இந்த ஒழுங்கில வருது எண்டு வைங்க: கனம், நடுத்தரம், கனம், நடுத்தரம், கடைசியா நம்மட மட்டக்களப்புக் கரவான். வந்த வரிசையிலயே இறக்கினா இடைவெளி 5, 3, 5, 5, மொத்தம் 18 கடல் மைல். எல்லாம் 140 நொட், அதாவது மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில வருது எண்டு பாத்தா (கரவான் அவ்வளவு வேகத்தில வராது, அது வேற தலையிடி) முதலாவது தொட்டதில இருந்து கடைசி தொடுற மட்டும் 7 நிமிசம் 43 செக்கன். அதே அஞ்சையும் கரவான், நடுத்தரம், நடுத்தரம், கனம், கனம் எண்டு மாத்தி இறக்கினா 3, 3, 3, 4, மொத்தம் 13. நேரம் 5 நிமிசம் 34 செக்கன். ரன்வே கூடல்ல, ஒருத்தரும் விதிய மீறல்ல, ரெண்டு நிமிசத்துக்கு மேல சும்மா கிடைச்சிச்சு, அந்த ரெண்டு நிமிசத்தில இன்னொரு பிளேன் இறக்கலாம். அஞ்சு பிளேன அடுக்கிறதுக்கு 120 ஒழுங்குதான், எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல பாக்கலாம். முப்பது பிளேன் எண்டா 2.65ஓட 10இன் 32ஆம் அடுக்க பெருக்கணும், அத ஒண்டொண்டாப் பாக்கிறதெண்டா இந்தப் பிறவியில நடக்கா.

இந்தக் கணக்கப் பாத்தோண்ணதான் தம்பிமார் ரெண்டு பேரும் ரெண்டாவது வழிக்குப் பாஞ்சது: எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, இருக்கிறதிலயே திறமான விடை எதுவோ அதக் கண்டுபிடிக்கிற முழுக் கணக்கு. இதுக்கு நல்ல பரம்பரை இரிக்கு. 1987இல அமெடியோ ஒடோனி இந்தப் பிரச்சினைய ஒழுங்கா எழுதி வச்சார், 1998இல டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் சாரா ஸ்டொக் பற்றர்சனும் போற வழியில இரிக்கிற செக்டரயும் சேத்து ஒரு மொடல் குடுத்தாங்க. அதில ஒரு நுணுக்கம் இரிக்கு, எனக்கு அதப் படிக்கக்குள்ள கை தட்டணும் போல இருந்திச்சு. சாதாரணமா நாங்க எழுதுறதெண்டா "இந்த பிளேன் இந்த செக்டருக்குள்ள 10.15க்கு நுழையுதா, ஓமா இல்லையா" எண்டுதான் ஒரு மாறி வைப்பம். அவங்க வச்சது "10.15க்குள்ள நுழைஞ்சு முடிஞ்சுதா" எண்டு. ஒருக்கா ஓம் எண்டு வந்தா மறுகா அந்த நாள் முழுக்க ஓம்தான் (ஓம் எண்டா 1, இல்ல எண்டா 0). இந்தச் சின்ன மாத்தத்தால, முழு எண்தான் வரணுமெண்டு கட்டாயப்படுத்தாம தளத்தி விட்டாலும் கனக்க நேரம் விடை 0 அல்லது 1 ஆவே வந்து நிக்கிது, அரை பிளேன் இஞ்ச கால் பிளேன் அங்க எண்டு வராது. சொல்வர், அதாவது இந்தக் கணக்கத் தீர்க்கிற மென்பொருள், படுற பாடு பாதியில போயிரும்.

எங்கட சைஸுக்கு எப்பிடி எண்டா: முப்பது பிளேன், ஆளுக்குப் பத்து செக்டர், ஆறு மணித்தியாலத்த அஞ்சு அஞ்சு நிமிசமா வெட்டினா 72 துண்டு, ஆக 21,600 மாறி. ஒவ்வொண்டுக்கும் வரக்கூடிய நேரத்த முந்தியே இறுக்கிக் கட்டினா இதில கனக்கக் கழியும். ஹைஸ் மாதிரி காசில்லாத சொல்வர்லயே போடலாம், கம்பஸ் ஐடி இரிக்கிற ஆக்களுக்கு குரோபி எண்ட காசு சொல்வரும் சும்மா கிடைக்கும். சின்ன நாளுக்கு சுகமா வரும். கரைச்சல் எங்க வருது எண்டா பாதையயும் மாத்தலாம் உயரத்தயும் மாத்தலாம் எண்டு விடக்குள்ள, அப்ப ஒவ்வொரு பிளேனுக்கும் பத்துப் பதினைஞ்சு வழி வந்து மாறி எல்லாம் பெருகுது, சுழல் காத்து இடைவெளி வேற ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கு எண்டதப் பொறுத்தது, அத இந்த மொடலுக்குள்ள சொருகினா அழகெல்லாம் போயிரும். இறங்குற வரிசைக்கு மட்டும் எண்டா கூகிளிட ஓஆர்-டூல்ஸ்ல இரிக்கிற சொல்வர் எங்களுக்கு கூடத் தோதா இருந்திச்சு.

நேரம் எடுக்கிறத விட எனக்கு பெரிய குறையாத் தெரியிறது வேற. விடை திறம், ஆனா ஏன் எண்டு சொல்லேலா. இந்த பிளேன் 22 நிமிசம் தரையில நிக்கணும் எண்டு சொல்லும், ஏன் நான் எண்டு கேட்டா மொத்தக் கூட்டுத்தொகை அப்பதான் ஆகக் குறையுது எண்டுதான் பதில். அதோட ஒரு பிளேன் 4 நிமிசம் பிந்தினா திரும்ப ஓடவிட்டா இன்னொரு முழு விடை வரும், அதில பத்துப் பேர்ட நேரம் மாறி இரிக்கும். கணக்குக்கு ரெண்டும் ஒண்டு. கொன்ட்ரோலருக்கு ஒவ்வொரு மாத்தமும் ரேடியோவில ஒரு கதை, பைலட் திருப்பிச் சொல்லணும், இவர் கேட்டு ஓம் சொல்லணும்.

இதில ஒரு அமெரிக்கக் கதை சொல்லாம விடேலா. அங்க எயார்போட்டில மழை முகில் வந்து இறங்குற எண்ணிக்கை குறைஞ்சா, வரப்போற பிளேன எழும்புற இடத்திலயே நிப்பாட்டி வைப்பாங்க. அது சரியான யோசனை, ஏனெண்டா தரையில எஞ்சின் நூத்துட்டு நிக்கிறதுக்கு எண்ணெய் போகாது, மேல வட்டமடிச்சா ஒரு ஏ320க்கே நிமிசத்துக்கு 35-40 கிலோ அளவில எரியும். 1981இல கொன்ட்ரோலர்மார் ஸ்ட்ரைக் செய்து பதினோராயிரத்துக்கு மேல ஆக்கள வேலையால நிப்பாட்டினாப் பிறகு இந்த முறைக்கு நல்ல வேலை வந்திச்சு. ஆனா இடத்தப் பங்கு வச்சது கொம்பனி ஆகக் கடைசியாச் சொன்ன நேரத்த வச்சு. அதாவது என்ட பிளேன் பழுது, ஒரு மணித்தியாலம் பிந்தும் எண்டு உண்மையச் சொன்னா என்ட பழைய இடம் போயிரும், அந்தப் பிந்தின நேரத்துக்கு மேலயும் சுணக்கம் போடுவாங்க. கென்சல் எண்டு சொன்னா இடமே போச்சு. அப்ப ஆர் உண்மை சொல்லுவான்? ஒருத்தனும் சொல்லல்ல. வராத பிளேனுக்கு இடம் பிடிச்சு வச்சு ரன்வே சும்மா கிடந்திச்சு. 1998இல சான் பிரான்சிஸ்கோவிலயும் நுவார்க்கிலயும் தொடங்கி அத மாத்தினாங்க: முதல்ல போட்ட அட்டவணைப்படி இடம் உன்ட, கென்சல் பண்ணினாலும் உன்ட, உனக்குப் பாவிக்கேலாட்டி பின்னால நிக்கிறவன முன்னுக்கு இழுத்துட்டு அவன்ட இடத்த உனக்குத் தருவம். உண்மை சொன்னா லாபம் எண்டு ஆக்கின உடன தகவல் தன்பாட்டில வரத் தொடங்கிச்சு. கணக்கு எவ்வளவு திறமா இருந்தாலும் உள்ளுக்குப் போற நேரம் பொய்யெண்டா வாற விடையும் பொய்தான், அதால எந்த வழிய எடுத்தாலும் இந்த விதிய நாங்க உள்ளுக்குப் போட்டுட்டம்.

மூணாவது வழி விலை. இது தங்கச்சிட கட்சி, எனக்கும் கேக்கக்குள்ள நல்லா இருந்திச்சு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு விலை போடு: கட்டுநாயக்கா ரன்வே 01.10 தொடக்கம் 01.15 வரை இவ்வளவு, மேற்குச் செக்டர் 00.40க்கு இவ்வளவு எண்டு. ஒவ்வொரு பிளேனும் தன்ட எண்ணெய், சுணக்கம், இந்த விலை எல்லாத்தையும் கூட்டி தனக்கு மலிவான பாதைய தானே எடுக்கட்டும். எங்க ஆக்கள் கூடினாங்களோ அங்க விலைய ஏத்து, எங்க சும்மா கிடக்கோ அங்க இறக்கு, திரும்பக் கேளு. பெரிய கணக்கு ஒண்டு முப்பது சின்னக் கணக்கா உடையுது, ஒவ்வொண்டையும் கொம்பியூட்டர்ட வேற வேற கோர்ல ஒரே நேரத்தில ஓடவிடலாம். இன்னொரு நன்மை, கடைசியில நிக்கிற விலைகளப் பாத்தா எந்த இடம்தான் உண்மையான இடைஞ்சல் எண்டு தெரியும். எங்கட சிமுலேட்டர்ல ரன்வே எண்டு நினைச்சிருந்த ஒரு நெருக்கடி, விலையப் பாத்தா அதுக்கு முன்னால இரிக்கிற செக்டர்லதான் இருந்திச்சு.

ஆனா ஓடவிட்டா ஆடும். ரெண்டு ஏ320, ஒரே இடத்தில இருந்து ஒரே நேரத்தில வருதெண்டு வைங்க, ரெண்டுக்கும் கணக்கு ஒண்டு. 01.10 விலை கூடினோண்ண ரெண்டும் சேந்து 01.15க்குப் பாயும், இப்ப அங்க நெருக்கடி, அங்க விலை ஏறும், ரெண்டும் சேந்து திரும்ப 01.10க்கு வரும். விலைய மெல்ல மெல்ல ஏத்தினா ஆட்டம் குறையும், ஆனா இந்த ரெட்டைப்பிள்ளைகளப் பிரிக்க விலையால மட்டும் ஏலா, கடைசியில ஒருத்தர் கைய வச்சுப் பிரிச்சு விடத்தான் வேணும். அதாவது மோதாத ஒரு முடிவு எண்டது விலை முறையில கடைசி மட்டும் கையில இரிக்காது, இடையில நிப்பாட்டினா உங்களிட்ட இரிக்கிறது செல்லாத பிளான்.

உண்மைக் காசோட செய்யிற கதை வேற. நியூயோர்க் எயார்போட்டுகள்ல எழும்புற, இறங்குற நேரத்துக்கான இடத்த ஏலத்தில விக்கப்போறம் எண்டு 2008இல அமெரிக்க அரசு வெளிக்கிட்டிச்சு, விமானக் கொம்பனிகள் எதிர்த்து கோட்டுக்குப் போய் அந்த வருசம் டிசம்பர்லயே தடை வாங்கிட்டாங்க, 2009இல திட்டத்தயே கைவிட்டாச்சு. லண்டன் ஹீத்ரோவில கொம்பனிக்குக் கொம்பனி இடம் கைமாறுது, 2016இல இறங்க ஒண்டு, எழும்ப ஒண்டு எண்டு ஒரு சோடி இடம் 75 மில்லியன் டொலருக்குப் போனதா செய்தி வந்திச்சு. காசுக்காரன் நல்ல நேரத்த எல்லாம் அள்ளுவான், கரவான் ஓட்டுறவன் நடுச்சாமத்தில வரணும். எங்கட சிமுலேட்டர்ல விலை வெறும் எண்தான், காசு இல்ல, ஆனாலும் ஒரு சீற்றுக்கு எவ்வளவு எண்டு கணக்குப் பாத்தா ஒம்பது பத்துப் பேர் வாற பிளேன் எப்பவும் தோக்கும்.

இதில நீதி எண்ட பேச்சு வந்திட்டு, அதால கொஞ்சம் நிண்டு கதைப்பம். கல்லோயா இடதுகரையில வயல் செய்யிற குடும்பத்தில ஆரும் இருந்தா அவங்களுக்கு இத நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. வாய்க்கால் தலைப்பில இரிக்கிறவனுக்கு தண்ணி காலுக்குக் கீழ, கடைக்கண்டத்துக்காரனுக்கு வெடிச்ச நிலம், மொத்த விளைச்சல மட்டும் பாத்தா கடைக்கண்டத்த விட்டுரு எண்டு கூட கணக்குச் சொல்லும். அதுக்காகத்தான் போகம் தொடங்க முந்தி கூட்டம் போட்டு, முறை வச்சு, வட்டவிதானைய நிக்க விட்டு தண்ணி குடுக்கிற. முழுக் கணக்கும் விலையும் ரெண்டுமே தலைப்பு வயல் பக்கம் சாயிற வழிகள், அத மறைக்கத் தேவையில்ல. என்ட அஞ்சு பிளேன் கணக்கத் திரும்பப் பாருங்க: 13 கடல் மைல் வந்த ஒழுங்கில முதல்ல வந்த ஏ330 நாலாவதா இறங்குது. முந்நூறு பேரோட முதல் ஆளா வந்து நிண்டவன பின்னுக்குத் தள்ளிட்டு மொத்தம் குறைஞ்சிச்சு எண்டா அவன் ஒத்துக்கொள்ளுவானா?

இதுக்கு மருந்து 1976இலேயே அமெரிக்காவில எம்.ஐ.டி.யில ரொஜர் டியர் சொல்லிட்டார். ஒழுங்க மாத்து, ஆனா ஒரு பிளேனும் தான் வந்த இடத்தில இருந்து இத்தின இடத்துக்கு மேல முன்னுக்கோ பின்னுக்கோ போகப்படாது. இதத்தான் நாங்க நாலாவது வழிக்கு முதுகெலும்பா எடுத்தது. நாலாவது வழி என்னண்டா, முதலாவது வழியில வந்த வரிசைய அப்பிடியே எடுத்து, பக்கத்தில இரிக்கிற ரெண்டு பேர மாத்திப் பாரு, ஒருத்தன வேற பாதையில விட்டுப் பாரு, ரெண்டாயிரம் அடி மேல ஏத்திப் பாரு, நூறு மைல் முன்னாலயே வேகத்தக் குறைச்சுப் பாரு, நல்லா வந்தா வச்சுக்கொள், இல்லாட்டி விடு, சில நேரம் கொஞ்சம் மோசமா வந்தாலும் வச்சுக்கொள், இல்லாட்டி ஒரே குழிக்குள்ள நிண்டிரும். எல்லாத்திலயும் அந்த இத்தின இடம் எண்ட எல்லைய மீறாத.

அதே அஞ்சு பிளேனுக்கு ஒரு இடம்தான் நகரலாம் எண்டு போட்டா என்ன வருது? நடுத்தரம், கனம், கனம், கரவான், நடுத்தரம். இடைவெளி 3, 4, 6, 3, மொத்தம் 16. 18க்கும் 13க்கும் நடுவில. ஒருத்தரும் ஒரு இடத்துக்கு மேல இழக்கல்ல, ரெண்டு கடல் மைல் மிச்சம். ரெண்டு இடம், மூணு இடம் எண்டு விட்டா மிச்சம் கூடும், அதோட புறுபுறுப்பும் கூடும். நாங்க ரெண்டு எண்டு வச்சிரிக்கம், ஆனா அது ஒரு குமிழ், ஆரும் திருகலாம். முழுக் கணக்கிலயும் இந்த எல்லையப் போடலாம்தானே எண்டு தம்பி கேட்டான், ஓம் போடலாம், இறங்குற வரிசைக்கு மட்டுமெண்டா அப்ப கெதியாத் தீர்க்கிற முறையும் இரிக்கு. பாதை, உயரம், செக்டர் எல்லாம் கூட வரக்குள்ளதான் அது மூச்சு வாங்குது.

இந்த நாலாவதில எனக்குப் பிடிச்சது, எந்த நேரம் நிப்பாட்டினாலும் கையில ஓடக்கூடிய பிளான் ஒண்டு இரிக்கும். அஞ்சு செக்கன் இரிக்கா, அஞ்சு செக்கனுக்குத் திருத்தும். அஞ்சு நிமிசம் இரிக்கா, இன்னும் திருத்தும். ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரத்தில கட்டுநாயக்காப் பக்கம் இடி மழை கட்டினா நிலைமை நிமிசத்துக்கு நிமிசம் மாறும், ஒண்டு ரெண்டு மத்தளைக்குத் திரும்பும், அந்த நேரத்தில இருபது நிமிசம் பொறுங்க திறமான விடை வருது எண்டு சொல்லேலாது. பழைய பிளான்ல இருந்துதான் தொடங்குறதால மாத்தமும் கொஞ்சமாத்தான் வரும், அதோட கடைசி இருபது நிமிசத்துக்குள்ள இரிக்கிற பிளேனத் தொடப்படாது எண்டு பூட்டி வச்சிரிக்கம், அதால கொன்ட்ரோலர்ட வாய்க்கும் ஓய்வு.

வட்டமடிக்கிறதப் பத்தியும் ஒரு சொல்லு, ஏனெண்டா கனபேர்ட கோட்ல இது பிழையா இரிக்கும். சுணக்கம் எண்டத எந்த அளவிலயும் குடுக்கலாம் எண்டு எழுதுவாங்க. 14,000 அடிக்குக் கீழ வழமையான வட்டம் எண்டா ஒரு நிமிசம் நேர, ஒரு நிமிசம் திரும்புற, அதே திரும்ப, ஆக ஒரு சுத்து நாலு நிமிசம் அளவு. ரெண்டு நிமிசச் சுணக்கம் வேணுமெண்டா வட்டத்தால எடுக்கிறது கஸ்டம், வேகத்தக் குறைச்சு, இல்லாட்டி பாதைய வளைச்சுத்தான் எடுக்கணும். ஹீத்ரோவுக்கு வாறதுகள 2014இல இருந்து 350 கடல் மைல் தூரத்திலயே மெல்ல வா எண்டு சொல்லத் தொடங்கினது இதுக்காகத்தான், வேகமா வந்து மேல சுத்துறதுக்கு மெல்ல வந்து நேர இறங்கலாம்.

குறை இல்லையா எண்டா இரிக்கு. திறமான விடைக்கு எவ்வளவு கிட்ட நிக்கிறம் எண்டு இந்த வழி ஒருநாளும் சொல்லாது. நூறு தரம் ஓடவிட்டு நூறும் ஒரே எண்ணக் குடுத்தாலும் அதுதான் ஆகத் திறமான விடை எண்டு சத்தியம் பண்ணேலாது. மோதல் வந்த இடத்தில மட்டும் ரெண்டாப் பிரிச்சுத் தேடுற முறை ஒண்டு ரோபோக்காரர் 2012இல இருந்து பாவிக்காங்க, அதையும் தொட்டுப் பாத்தம், ஆக்கள் நெருங்காத வானத்தில அருமை, ரன்வே வாசல்ல எல்லாரும் எல்லாரோடயும் மோதுறதால தேடல் கிளை கிளையா வெடிச்சுப் பரவுது, விட்டுட்டம்.

ஆக எங்கட முடிவு: ஓடுற மூளை நாலாவது வழி, தொடக்கம் குடுக்கிறது முதலாவது வழி. முழுக் கணக்க எறியல்ல, அது இப்ப சோதனை போடுற வாத்தியார். பத்து பிளேன், ரெண்டு மணித்தியாலம் எண்டு சின்னச் சின்ன நாள எடுத்து அதில உண்மையான ஆகத் திறமான விடைய எடுத்து வச்சு, நாலாவது எவ்வளவு பின்னுக்கு நிக்கிது எண்டு ஒவ்வொரு தரம் கோட் மாத்தக்குள்ளயும் பாக்கிறம். விலை முறைய முடிவெடுக்க விடல்ல, எந்த இடம் இடைஞ்சல் எண்டு காட்டுற மானியா ஒரு மூலையில ஓடுது. தங்கச்சிக்கு இதில முழுத் திருப்தி இல்ல, இடம் எல்லாத்துக்கும் விலை தெரிஞ்சா மத்தளைய ஆக்கள் இன்னும் பாவிப்பாங்க எண்டு அவட வாதம், அது பிழையெண்டு நான் சொல்லமாட்டன், ஆனா அது அட்டவணை போடுற ஆக்கள்ட கேள்வி, நாங்க செய்யிறது இண்டைக்கு வாற பிளேன இண்டைக்கு இறக்கிற வேலை.

நீங்க செய்யிறது வேற எண்டா வேற மாதிரி எடுங்க. ஆறு மாசத்துக்கு முந்தியே போடுற அட்டவணை எண்டா அவசரமே இல்ல, ராவு முழுக்க ஓடட்டும், முழுக் கணக்குத்தான் சரி. கம்பஸ் ப்ரொஜெக்ட், மூணு மாசம்தான் இரிக்கு எண்டா வரிசையும் பக்கத்தப் பக்கம் மாத்துறதும் மட்டும் எழுதி, இத்தின இடம் எண்ட குமிழத் திருகி ஒரு கிராஃப் கீறுங்க, அதிலயே கதைக்கக் கனக்க இரிக்கு. இரத்மலானையில இருந்து மட்டக்களப்புக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கரவான் விடுறதுதான் உங்கட பிரச்சினை எண்டா இதொண்டுக்கும் மினக்கெட வேணாம், சுவரில ஒரு வெள்ளைப் பலகையும் ஒரு போனும் காணும்.